மரவள்ளி நூல்

மல்லேஸ்வரம், பெங்களூர்
12.8.1997

அன்புள்ள ஸ்ரீ,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. மினசோட்டா எங்கே இருக்கிறதென்று உலகப்படத்தில் பார்த்தேன். கனடாவை ஒட்டியல்லவா இருக்கிறது! ஸ்வெட்டர் ஒன்று போதாது, இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கார அம்மா தினமும் படியில் நிறுத்தி, "யஜமானரு யாவாக பர்தாரே?" என்று நீங்கள் வரும் நாளைக் கேட்கிறாள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவார் என்று நானும் தினமும் சொல்கிறேன்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் சேலத்து மரவள்ளி மாவைப் புளிக்கவைத்து எடுத்த அமிலத்திலிருந்து ஒருவழியாக ஒழுங்கான நூல் வந்துவிட்டது. அறுபடாமல் சுற்றியது. கைக்குட்டை அளவுக்கு நெய்தும் வாங்கினேன். பாலியெஸ்டர் மாதிரியே பளபளப்பு, ஆனால் பெட்ரோலியம் ஒரு சொட்டு இல்லை. ஆசையாக இஸ்திரி போட்டேன். பெட்டியை வைத்ததுமே அப்பளம்போலச் சுருண்டுவிட்டது. துணி என்றால் இஸ்திரியைத் தாங்க வேண்டாமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அங்கே உங்கள் கம்பெனியில் மக்காச்சோளத்திலிருந்து செய்யும் நூலுக்கும் இதே தொல்லை இருந்திருக்குமே. விவரமாக எழுதுங்கள்.

உங்கள்
சரளா


மினசோட்டா
9.9.1997

அன்புள்ள சரளாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நூல் வந்ததில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவும் கூடாது.

சேர்ந்த அன்றே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இங்கே நடக்கும் வேலையைப் பற்றி வெளியாள் யாரிடமும் பேசக்கூடாது. "மனைவியிடம்கூடவா?" என்று கேட்டேன். மனைவியும் வெளியாள்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அலுவலக ஈமெயிலையும் பார்ப்பார்களாம், அதனால் தபாலிலேயே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீயும் இனி நூலைப் பற்றி எனக்கு எழுதாதே. உன் யோசனை ஒன்று என் மனதில் தங்கி, ஒருநாள் மீட்டிங்கில் என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டால் அது அவர்களுடையதாகிவிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

குளிர் ஆரம்பித்துவிட்டது. ரசம் வைக்கப் பழகிவிட்டேன்.

அன்புடன்
ஸ்ரீகண்டன்


மல்லேஸ்வரம்
20.12.1997

அன்புள்ள ஸ்ரீ,

நலம். நீங்கள் கேட்டுக்கொண்டபடி வேறு விஷயங்கள் எழுத உட்கார்ந்தேன். அவரைக்காய் சீசன் வந்துவிட்டது. காலையில் பனி மூடுகிறது. சம்பிகே ரோட்டில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அப்பார்ட்மென்ட் கட்டுகிறார்கள். இவ்வளவு எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீ, கல்யாணத்துக்கு முன்பும் சரி, பின்பும் சரி, நாம் வேறென்ன பேசியிருக்கிறோம்? கோயிலுக்குப் போனால் பிராகாரம் சுற்றும்போதும் அமிலம், காய்கறி வாங்கும்போதும் அமிலம். உங்கள் அம்மாகூடக் கேலி செய்வார். அதை எடுத்துவிட்டால் நமக்குள் இத்தனை அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

நூலைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி ஒன்று எழுதலாம் அல்லவா? எங்கள் டைரக்டர், யாருக்கும் வேண்டாத இந்த வேலையை விட்டுவிட்டு பாலியெஸ்டர் பிரிவுக்குப் போகச் சொல்கிறார். மார்ச் வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். கூட இருந்த இரண்டு மாணவர்களும் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் இப்போது நானும் அட்டெண்டர் கோவிந்தனும்தான்.

உங்கள்
சரளா


மினசோட்டா
3.4.1998

அன்புள்ள சரளாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். என் பிரிவிலேயே உனக்கு ஒரு வேலை பேசி முடித்துவிட்டேன். விசாவுக்கு அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். காகிதங்கள் தனியே வரும்.

மரவள்ளியை இங்கே யாரும் கேட்கமாட்டார்கள், மக்காச்சோளம்தான். நீ இதுவரை செய்ததையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். யோசிப்பாய் என்று தெரியும். ஆனால் நீயும் உள்ளே வந்துவிட்டால் நாம் பழையபடி பேசலாம், சரளா. இங்கே நான் தமிழில் பேசுவது அடுப்போடு மட்டும்தான். மார்ச்சோடு அங்கே உன் வேலையும் முடிந்திருக்குமே. இனி யாருக்காக இருக்கிறாய்? வந்துவிடு.

அன்புடன்
ஸ்ரீகண்டன்


மல்லேஸ்வரம்
18.7.1998

அன்புள்ள ஸ்ரீ,

விசாக் காகிதங்கள் வந்தன. கையெழுத்துப் போட எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். போட்டால் இந்தத் தனிமை முடிந்துவிடும் என்று தெரிந்துதான் எடுத்தேன். இதைப் பொய்யில்லாமல் சொல்கிறேன்.

என் வேலை மார்ச்சில் முடியவில்லை. டைரக்டரிடம் கெஞ்சி ஜூன்வரை வாங்கினேன். போன மாதம் ஒரு மத்தியானம் புதுத் துணியின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். துணி அப்படியே இருந்தது. மறுபடி வைத்தேன். மடிப்பு விழுந்ததே தவிரச் சுருளவில்லை. கோவிந்தன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஆயிடுச்சா மேடம்?" என்றார். "ஆயிடுச்சு கோவிந்தன்" என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கூடத்துக்கு டீ கொடுக்கப் போனார்.

அன்று சாயங்காலம் பூத்திலிருந்து உங்களுக்கு போன் செய்தேன். தூக்கத்திலிருந்து எழுந்து, "என்ன ஆச்சு, யாருக்கு என்ன?" என்று பதறினீர்கள். இங்கே நல்ல மழை என்று சொன்னேன். மழையைச் சொல்ல நான் போன் செய்யவில்லை, ஸ்ரீ. உங்களிடம் சொல்லாமல் அது நடந்ததாகவே எனக்குப் படவில்லை. ஆனால் சொன்னால் அது என்னுடையதாக இருக்காது என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

எப்படிச் செய்தேன் என்று எழுதமாட்டேன். காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. டைரக்டர் இப்போது பாலியெஸ்டர் பேச்சையே எடுப்பதில்லை. விசாக் காகிதங்களைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்புகிறேன். இரண்டு வருஷம் முடிந்ததும் வந்துவிடுங்கள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறேன்.

உங்கள்
சரளா


பெங்களூர்
30.10.1999

ஸ்ரீ,

என் கடைசி மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நீங்கள் அங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்துக்கொண்ட செய்தியை உங்கள் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அம்மா அழுதார். நான்தான் சமாதானம் சொன்னேன்.

இந்த வீட்டைக் காலி செய்கிறேன். வீட்டுக்கார அம்மா இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. உங்கள் புத்தகங்களையும் துணிமணியையும் அம்மாவிடம் சேர்த்துவிட்டேன். இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம். புது முகவரியை எழுத எடுத்த பேனாவை வைத்துவிட்டேன்.

என்றைக்காவது வந்தால், ஆராய்ச்சிக்கூடம் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும்.

சரளா