கிருத்திகையும் சர்க்கரை மாத்திரையும்

செப்டம்பர் 11
நாளை கிருத்திகை. திருப்போரூர் போக வேண்டும். பரணியிடம் சொன்னால், "வெயில்ல எதுக்கும்மா, ஞாயித்துக்கிழமை கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்பான். என் மகனுக்காகக் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகுமா? பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிடலாம். போனை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். நான் எங்கே நிற்கிறேன் என்பதையெல்லாம் அது அவனிடம் போட்டுக்கொடுத்துவிடுகிறது.

செப்டம்பர் 12
எழுத முடியவில்லை. உயிரோடு இருக்கிறேன்.

செப்டம்பர் 13
நேற்று காலை சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டேன். விரதம் என்பதால் வெறும் தண்ணீர்தான். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் பஸ் பிடித்து, கோயில் வரிசையில் நிற்கும்போது மணி பதினொன்று. திடீரென்று உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பூக்கடைக்காரி ஒருத்தி ஓடிவந்து தாங்கிப் பிடித்து நிழலில் உட்காரவைத்தாள். பெயர் கண்ணகியாம்.

"காலைல இன்னா துன்ன ஆயா?"

அறுபத்தெட்டு வயசுக்கு ஆயாவா? அந்த நேரத்திலும் சுருக்கென்றது. விரதம் என்றேன்.

"சக்கர மாத்திர போட்டுகினியா?"

தலையாட்டினேன்.

"நல்லா கீது போ. எங்க மாமியாரும் இதே வேலதான் பண்ணிகினு இருந்துச்சு."

என் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்து வாயருகே நீட்டினாள். சாமிக்கு வைக்காத பழம்! நான் தயங்கினேன்.

"முருகன் இன்னா நீ துன்றத எண்ணிகினா கீறாரு? முழுங்கு."

கற்கண்டையும் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. பரணியின் நம்பர் மட்டும் நினைவுக்கு வரவே இல்லை. வேலை பார்த்த காலத்துக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் நம்பர்தான் வாயில் வந்தது. கடைசியில் கண்ணகிதான் என் பையிலிருந்த மாத்திரை உறையைப் பார்த்து, அதிலிருந்த கிளினிக் நம்பருக்குத் தன் போனிலிருந்து பேசி, அவர்கள் மூலமாக அவனைப் பிடித்தாள். அவன் வரும்வரை, கிருத்திகைக் கூட்டத்திலும், என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவளுக்கு நான் யார்? அவள் நன்றாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 15
டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "விரதம் இருக்கறதா இருந்தா மாத்திரையை என்ன பண்றதுன்னு முன்னாடியே என்னைக் கேக்கணும், ஜோதிலட்சுமி."

பரணி ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "இனிமே தனியா எங்கயும் போக வேணாம்மா." குரலில் கோபம் இல்லை, பயம். அவ்வளவுதானா — இனி வெளியே போறதே இல்லையா?

செப்டம்பர் 28
வாசல் கேட் வரை நடந்தேன். திரும்பினேன்.

அக்டோபர் 9
மருமகள் சஹானா பரணியிடம் பேசியது காதில் விழுந்தது. "போகாதீங்கன்னா மறுபடி பொய் சொல்லிட்டுத்தான் போவாங்க. நம்மகிட்ட சொல்லிட்டுப் போகட்டும்."

அவளை அழுத்தக்காரி என்று இதே நோட்டில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 10
கிருத்திகை. சஹானா நாலு இட்லி வைத்தாள். "சாப்பிட்டுட்டே போங்க அத்தை. முருகன் கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க."

கண்ணகி என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "துன்னியா?" சாப்பிட்டேன் என்றேன். அதன்பிறகுதான் சிரித்தாள். சாமியைக் கண்குளிரப் பார்த்தேன்.

மதியம் வீடு திரும்பியபோது பரணி ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நெற்றியை மட்டும் என் பக்கம் நீட்டினான். விபூதி பூசிவிட்டேன்.