நடுத்தூண் முதலில்

ஜூன் 13, வெள்ளி

அனல். மேல்காற்று மண்ணை வாரி அடிக்கிறது. நெடுங்காட்டு வாய்க்கால் பால வேலைக்கு வந்து ஒன்பது நாள். அட்டவணை போடுவது என் பொறுப்பு: எந்த வேலை எந்த நாள், எத்தனை ஆள். கரைக்கு ஒரு தூண், வாய்க்கால் நடுவில் ஒன்று. கரைத்தூண்கள் முதலில், நடுத்தூண் கடைசியில். தண்ணீர் ஜூலையில்தானே.

வாங்க: அழிரப்பர், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், தொப்பி.

ஜூன் 14, சனி

மேஸ்திரி கலியபெருமாள் அட்டவணையைப் புரட்டினார். தலையைச் சொறிந்தார்.

"தண்ணி எப்பன்னு போட்டிருக்கீங்க?"

"ஜூலை அஞ்சு."

"யாரு சொன்னா?"

போன வருடக் கோப்பிலிருந்து எடுத்த தேதி. சொல்ல வெட்கம்.

"லஸ்கர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்கம்மா."

லஸ்கர், மதகு திறந்து மூடுகிறவர். போன் போட்டேன். "கல்லணையில தொறந்தாச்சே. பத்து நாள்ல ஒங்க பாலத்துக்கு வந்துடும்" என்றார்.

நடுத்தூணுக்குப் பள்ளம்கூடத் தோண்டவில்லை. தண்ணீர் வந்துவிட்டால் தை மாதம் வரை அங்கே கால் வைக்க முடியாது. அதுவரை ஊர்ப் பிள்ளைகள் சுற்றுவழியில்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். பள்ளம் 1 நாள், அடிமட்டக் கான்கிரீட் 1, அடித்தளக் கம்பி 2, கான்கிரீட் 1, தூணுக்குக் கம்பியும் சென்ட்ரிங்கும் 2, தூண் கான்கிரீட் 1. எட்டு. கரைத்தூண்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் நடுவே இறக்கினால் முடியும்.

வெளியே வந்ததும் மேனேஜருக்குப் போன்.

"சார், தண்ணி வர்ற தேதிய நான் தப்பாப் போட்டுட்டேன்."

"இப்ப என்ன செய்யலாங்கிறீங்க?"

சொன்னேன்.

"கரையில கட்டி வச்ச கம்பி துருப்பிடிக்குமே?"

"தேச்சுக்கலாம் சார்."

"சரி, செய்ங்க."

மதியம் மீன் குழம்பு. இரண்டு தட்டு சோறு. மனசு லேசு.

ஜூன் 18, புதன்

பள்ளம், அடிமட்டக் கான்கிரீட் முடிந்தன. கம்பி கட்டுகிறார்கள். என் செருப்பு வார் அறுந்தது; கட்டுக்கம்பியால் முடிந்துகொண்டேன்.

சித்தாள் ராணி அக்காவுக்கு இதே வாய்க்கால் பாசனத்தில் ஐந்து மா நிலம். டீ குடிக்கும்போது சொன்னார்:

"வயல்ல நின்னா தண்ணி சீக்கிரம் வரணும்னு இருக்கு மேடம். இங்க வந்தா ரெண்டு நாள் கழிச்சு வரட்டும்னு இருக்கு. சாமி என்னையப் பாத்து முழிக்கும்."

எல்லோரும் சிரித்தோம்.

ஜூன் 23, திங்கள்

கா. 7.00 தூணுக்குக் கான்கிரீட் ஆரம்பம். 11.00 லஸ்கர் போன்: "மேல் மதகுக்கு வந்துடுச்சு. நாளைக்குக் காலையில ஒங்களுக்கு."

அடித்தளத்தைச் சுற்றி இன்னும் மண் நிரப்பவில்லை. நாளைக்கு என்று வைத்திருந்த வேலை. பள்ளம் அப்படியே இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து அடிமண்ணை அரித்துவிடும்.

கலியபெருமாள் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு நாளு மதக எறக்கித் தண்ணிய நிறுத்தி வைக்கச் சொல்லட்டுமாம்மா? லஸ்கர் எனக்குத் தெரிஞ்ச மனுசன்தான்."

கேட்டால் நடக்கும்போலத்தான் இருந்தது. ராணி அக்கா சட்டியோடு எங்களைத் தாண்டிப் போனார். வேலிக்கு அப்பால் வெடித்துக் கிடக்கிற வயல்.

"வேண்டாம் மேஸ்திரி. மண்ண இப்பவே தள்ளிடலாம்."

ஒரு பக்கம் கான்கிரீட், ஒரு பக்கம் மண். நானும் மண்வெட்டி எடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். பொழுது சாயும்போது பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கா. 9.20 தண்ணீர்.

முன்னால் நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு. ஓட்டமில்லை, நடை. நடுத்தூணில் முட்டி இரண்டாகப் பிரிந்து அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. கலியபெருமாள் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி சென்ட்ரிங் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"அசையல!"

கரையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள், தூணுக்கா தண்ணீருக்கா தெரியாது. நான் முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூன் 25, புதன்

அட்டவணைப்படி பன்னிரண்டு பேர். வந்தவர்கள் மூன்று. மற்றவர்கள் வயலில்.

கரைத்தூண் வேலைக்கு முன்னால் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: நாற்றங்கால் – 4 நாள். மேனேஜர் பார்த்தார்.

"இது எந்தத் தூணுக்கு?"

"எந்தத் தூணுக்கும் இல்ல சார்."

கரைக்கு அப்பால் வயலை எட்டிப் பார்த்தார். "அஞ்சு நாளாப் போட்டுக்குங்க."