சாட்சி நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை பயந்துகொண்டே சொல்லும் ஸ்தோத்திரம். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீ கத்தோலிக்கரான அத்தானை ஆர்.சி. கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. உன் விலாசத்தை உன் பழைய சிநேகிதியிடம் கெஞ்சி வாங்கினேன். அம்மா தூங்கட்டும் என்று காத்திருந்து, வெளிச்சம் தெரியாமல் கதவிடுக்கில் துண்டைச் சொருகிவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

அம்மா இன்னும் நம் சபை மூப்பர் மாமாவின் லாண்டரியில்தான் வேலை செய்கிறாள். பள்ளி விட்டதும் நானும் அங்கே போய், துணி மடிக்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நீ போன பிறகு அங்கே ஒரு அக்கா வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களும் ஆர்.சி.தான். கையில் எப்போதும் ஜெபமாலை சுற்றியிருக்கும். அதனால் எல்லோருக்கும் அவர்கள் மணியக்கா. ஈர விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விட்டு இஸ்திரி போடும் பெரிய மெஷின் இருக்கிறதே, அதில்தான் அவர்களுக்கு வேலை. வேலை தொடங்கும் முன் ஜெபமாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள்.

போன வாரம் அந்த மெஷினில் அவர்கள் கை மாட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை, அதை எழுதவும் மாட்டேன். இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

ஜெபமாலையைக் கழற்றாமல் வேலை செய்தாள், அது உருளையில் சிக்கிக் கையையும் இழுத்துக்கொண்டது என்று மூப்பர் மாமா எல்லோரிடமும் சொன்னார். தப்பு அவளுடையது, நான் ஒன்றும் தர வேண்டியதில்லை என்றார். எங்கே தேடியும் ஜெபமாலை கிடைக்கவில்லை. மெஷின் தின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்த மணியக்காவே, கழற்ற மறந்திருப்பேனோ என்னவோ என்று அழுதார்களாம்.

அக்கா, அது என் பையில் இருந்தது. அன்றைக்கு ஆணியிலிருந்து நான்தான் எடுத்தேன். திருடவில்லை, சத்தியமாக. நம் ஆட்கள் அதைப் பற்றி அவ்வளவு சொல்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒவ்வொரு மணியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் பயத்தில் பைக்குள் போட்டுவிட்டேன். சொன்னால், விக்கிரகத்தைத் தொட்டவள் என்பார்கள். அடுத்த மாதம் எனக்கு ஞானஸ்நானம். உன்னைத் தள்ளிவைத்தது போல என்னையும் தள்ளிவிட்டால்? அம்மாவுக்கு வேலை போய்விட்டால்? தினமும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் மூப்பர் மாமா எழுந்தார். மணியைக் கும்பிட்ட கைக்கு என்ன ஆனது பார்த்தீர்களா, கர்த்தர் என் தொழிலைக் காத்தார் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பாஸ்டரும் சொன்னார். என் வாயிலும் பாதி வந்துவிட்டது, அக்கா. அப்போதுதான் எனக்கு என்னமோ ஆயிற்று. எழுந்து நின்றேன். நான் சாட்சி சொன்னதே கிடையாது, உனக்குத் தெரியும். சின்னப்பிள்ளை சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று பாஸ்டர் சிரித்த முகமாகத் தலையாட்டினார். அம்மா கண்ணில் படாமலிருக்கப் பைபிள் உறைக்குள் மாற்றி வைத்திருந்த ஜெபமாலையை எடுத்துக் காட்டினேன்.

"இது மெஷின்ல சிக்கல. மணியக்கா கழற்றி மாட்டுனாங்க. அப்போ இது என் கையிலதான் இருந்துச்சு."

அந்த விரல்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதை ஏன்டி தொட்டே, வெளியே எறி என்று மூப்பர் மாமாவின் மனைவி அதட்டினார்கள். நான் எறியவில்லை. பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அம்மா எழுந்திருந்தாள்.

கை பட்டால் மெஷினை நிறுத்துகிற தடுப்புக் கம்பி ஒன்று அதற்கு உண்டு. அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று அதைத் தூக்கிக் கட்டிவிட்டதாக அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள். "கட்டச் சொன்னது மூப்பர். கட்டுனது என் கை," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

பாஸ்டர் பைபிளை மூடி வைத்தார். பிறகு, "கொஞ்ச நேரத்துக்கு முந்தி நாம சொன்ன ஆமென்ல என்னோடதும் இருக்கு. அதை நான் போய்த் திரும்ப வாங்கணும்," என்று சொல்லி, பாட்டுகூடப் பாடாமல் ஆராதனையை முடித்துவிட்டார்.

நேரே எங்களையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மணியக்காவின் கோயில் ஃபாதர் உட்கார்ந்திருந்தார். பூமியில் யாரையும் பிதா என்று அழைக்கக் கூடாது என்று பிரசங்கம் செய்கிறவர் நம் பாஸ்டர், அந்த வார்த்தை அவர் வாயில் வருமா? 'சார், சார்' என்று திணறினார். ஃபாதர் சிரித்துவிட்டு, "எங்கம்மா இன்னும் என்னை டேய்னுதான் கூப்பிடுறாங்க. நீங்க எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க," என்றார். பாஸ்டர் மணியக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நான் ஜெபமாலையை அவர்களுடைய இடது கையில் வைத்தேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "மெஷின் தின்னுடுச்சுன்னாங்களே, உன் பைதான் தின்னுச்சா?" என்று கேட்டுவிட்டு, என் கையை விடவே இல்லை.

மறுநாள் ஃபாதரும் பாஸ்டரும் அம்மாவும் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார்கள். அதிகாரி மெஷினை வந்து பார்த்தார். இனி மூப்பர் மாமா மறுக்க முடியாது. இன்று வைத்தியச் செலவுக்கும் நஷ்டஈட்டுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மாவின் வேலை நிலைக்குமா, என் ஞானஸ்நானம் நடக்குமா, ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் இன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டேன்.

சாப்பிடும்போது அம்மா தட்டைப் பார்த்தபடியே, "அவளும் இப்போ ஜெபமாலை சொல்லுவாளா?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியாது என்று மட்டும் சொன்னேன். இத்தனை நாளில் அம்மா உன் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை.

அக்கா, ஒரே ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம், அம்மா பெயருக்கே எழுது. கோபமாக எழுதினாலும் பரவாயில்லை. கர்த்தர் உன்னையும் அத்தானையும்

கதவு தட்டுகிற சத்தம். அம்மாதான். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று தெரியுமாம். கீழே அவளுக்கும் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறாள்