குடை மீது புகார், குடை வழியாக

ஆமாம், அவரிடமேதான் கொடுத்தேன். யார் மீது புகாரோ அவர் கையிலேயே. அதைக் கேட்டதும் போனில் சிரிப்பதா கத்துவதா என்று யோசித்தாய். கத்துவது என்று முடிவெடுத்தாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடுவதில்லை, அதனால் இந்தக் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

என் நத்தைக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இதைப் படிக்கும்போது நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் மட்டும் தன்னை நலம் என்ற கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறது. அது சொன்னால் சரிதான். ஓய்வு பெற்றதிலிருந்து அப்பா வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் கழற்றிப் பார்க்கிறார். இந்த வாரம் சுவர்க் கடிகாரம். ஒரு திருகாணி மிச்சம் வந்திருக்கிறது. அது இல்லாமலே கடிகாரம் ஓடுகிறது என்று அவருக்கு ஒரே பெருமை. நீ தேதி தேதி என்று என்னைத் திட்டியதைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். மருத்துவர் குறித்த நாளில் பிறக்காமல் மாதம் மாறிப் பிறந்தவன், கல்லூரி விண்ணப்பத்தைக் கடைசி நாள் கவுன்டர் மூடும்போது கையை உள்ளே விட்டுக் கொடுத்தவன், இவன் கெடு பற்றிப் பாடம் எடுக்கிறானா என்றார். நான் உனக்காகப் பரிந்து பேசவில்லை.

போனில் நடந்ததில் பாதிதான் சொன்னேன். முழுக்கச் சொல்கிறேன். எங்கள் அதிகாரிக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் குடை. காரணம் உனக்குத் தெரியாது. இந்த எடையளவு அலுவலகத்துக்கு நான் மாற்றலாகி வந்த முதல் நாள், பெட்ரோல் பங்க் சோதனைக்கு வண்டி கிளம்பியது. அளந்து பார்க்கும் ஐந்து லிட்டர் குவளையை நான் கையில் எடுத்தேன். அவர் அதை என்னிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, “வெயில்ல நீங்க எதுக்கும்மா அலையணும்? உள்ள உட்காருங்க, கடிதமெல்லாம் பாருங்க” என்றார். எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. நன்றி சார் என்றேன். அடுத்த முறை லாரி எடைமேடை, அப்போதும் அதே. நகைக்கடைத் தராசுக்குப் போகும்போதும் அதே. நகைக்கடையில் ஏது வெயில்? நான் கேட்கவில்லை. எனக்குப் பல வருடம் கழித்துச் சேர்ந்த இரண்டு ஆண் ஆய்வாளர்கள் போவார்கள். இருபது கிலோ சோதனைக் கல்லை நீங்க தூக்க முடியுமாம்மா என்று ஒருமுறை அக்கறையாகக் கேட்டார். கல்லைத் தூக்குவது டிரைவரும் உதவியாளரும். அந்த இருவர் தூக்குவது பேனா. அவர்கள் திரும்பி வந்து கிறுக்கிக் கொடுப்பதை நான் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒழுங்கான அறிக்கையாக எழுதுவேன். அலுவலகத்திலேயே நல்ல இடம் அது. காகிதம் பறக்கும், அவ்வளவுதான் குறை.

பிறகு முதுநிலை ஆய்வாளர் பதவிக்கான பட்டியலை ஒட்டினார்கள். அந்த இருவர் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. களப் பணி அனுபவம் போதாது என்று ஒரு வரி. நான் பட்டியலை இரண்டாம் முறையும் படித்தேன், இயற்பியல் படித்தவள் அல்லவா, ஒரு அளவை எடுத்தால் திரும்பவும் எடுத்துப் பார்ப்போம். அளவு மாறவில்லை. குடை வந்து என் பக்கத்தில் நின்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், நத்தை. முகம் வாடிப்போயிற்று. “ரூல் அப்படி இருக்கேம்மா, நான் என்ன பண்றது” என்று சொல்லி எனக்குத் தேநீர் வரவழைத்தார். அதையும் குடித்தேன்.

அன்றைக்குத்தான் நீ போனில் அந்தச் சொல்லைச் சொன்னாய். பாகுபாடு. பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் சமவாய்ப்புப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும், அரசு ஊழியர்களுக்கு அதுதான் கெடு, தவறினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாய். தேநீர் வரவழைக்கும் மனிதருக்கு அந்தச் சொல் மிகப் பெரிது என்று எனக்குத் தோன்றியது. அளவு தெரியாமல் வாங்கிய சட்டைபோல. அவர் நல்லவர்டா என்றேன். “நல்லவரா இருந்தா மட்டும் தேதி நிக்காதும்மா” என்றாய். பல நாள் அந்த வாக்கியத்தோடு பேருந்தில் போய்வந்தேன். போன வருடம் அப்பா படியில் விழுந்தாரே, அன்று தன் காரை எடுத்துவந்து, மாடியிலிருந்து அவரைத் தாங்கி இறக்கியவர் குடைதான். அந்தக் கைகளைப் பற்றிப் புகார் எழுதுவது எப்படி என்று தெரியவில்லை. கைகளைப் பற்றி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவே பாதிக் கெடு போய்விட்டது.

கடைசியில் எழுதினேன். ஒரு பக்கம், திட்டு ஒன்றும் இல்லாமல். எழுதி முடித்ததும் மேல் மூலையில் ‘உரிய வழியாக’ என்று என் கை தானே எழுதிவிட்டது. சிரிக்காதே. விடுப்பா, உரிய வழியாக. கடனா, உரிய வழியாக. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஒரு துண்டுக் காகிதம்கூட மேலதிகாரி அறையைத் தாண்டி நான் அனுப்பியதில்லை. உரிய வழி என்றால் எங்களுக்கு அந்த அறைக் கதவு. புகாரை எடுத்துக்கொண்டு எழுந்தேன், கால் அங்கேதான் போயிற்று. அவர் நின்றபடி படிக்க ஆரம்பித்து, நடுவில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். “நான் உங்களுக்கு என்னம்மா குறை வெச்சேன்?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குள்ளிருந்த அதிகாரி எழுந்துவிட்டார். “இணைப்பு ஒன்றுன்னு போட்டிருக்கீங்க, இணைப்பைக் காணோமே” என்றார். ஓடிப்போய்ப் பட்டியல் நகலைக் கொண்டுவந்து பின் செய்து கொடுத்தேன். இரண்டு பேரும் கொஞ்சம் நிம்மதியானோம். குறையில்லாத காகிதம் எங்கள் இருவருக்கும் பிடிக்கும்.

அதோடு சரி. அது அவர் மேசைத் தட்டில் உட்கார்ந்துவிட்டது. கேட்டால், “பார்க்கிறேன்மா” என்கிறார். ஒளித்துவைக்கவில்லை, கிழித்துப்போடவில்லை. தினமும் அதைப் பார்க்கத்தான் செய்கிறார். நீ கத்திய பிறகு சமவாய்ப்புப் பிரிவுக்கே போன் செய்தேன். எடுத்த பெண் எதையோ மென்றுகொண்டே பேசினாள். அதிகாரியிடம் குறித்த நாளுக்குள் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். “அது அவர் மேசையில இருக்கிற நாளெல்லாம் எங்களுக்குக் கணக்கில்லம்மா. இங்க வந்து எங்க சீல் விழுந்தாதான் தேதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு முடியுது” என்றாள். பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “நிறையப் பேர் இப்படித்தான் பண்றாங்கம்மா. தன் மேல வந்த புகாரை எந்த ஆபீசர் தன் கையால அனுப்புவாரு, சொல்லுங்க?” என்றாள். நான் மட்டும் முட்டாள் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சின்ன ஆறுதல். அப்பாவிடம் சொன்னேன். “உங்கம்மா திருடன்கிட்டயே போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டிருக்கா” என்று உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அவர் திருடன் இல்லை என்று நான் சொன்னதையும் எழுதிக்கொள்கிறேன். உடனே அப்பா, “திருடன்னா நீ சுளுவா புகார் கொடுத்திருப்ப” என்றார். கடிகாரத்தைத் தவிர மற்ற விஷயங்களில் அவருக்கு மூளை நன்றாகவே வேலை செய்கிறது.

நேற்று புதிதாக ஒரு பெண் ஆய்வாளர் வேலைக்குச் சேர்ந்தாள். உன்னைவிடச் சின்னவள். வந்ததும் வராததுமாக, எடைக்கற்களுக்கு முத்திரை அடிக்கும் சுத்தியலைக் கையில் எடுத்து எடை பார்த்தாள், எனக்குப் பிடித்துப்போயிற்று. குடை அதை அவளிடமிருந்து வாங்கிவைத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். அவள் நன்றி சார் என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

இன்று புதன். இன்று நடந்ததைக் கேட்டால் நீ கத்தாமல் சிரிப்பதைத் தேர்ந்தெடுப்பாய். மத்தியானம் குடை என்னைக் கூப்பிட்டார். என் புகார் அவர் முன்னால் விரித்திருந்தது. ரொம்பத் தயங்கி, பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தி, “இதை மேல அனுப்பணும்னா என்னோட விளக்கம் வெச்சு அனுப்பணும்மா. எனக்கு எழுத வரலை. வழக்கமா நீங்கதானே எழுதுவீங்க” என்றார். என் புகாருக்கு அவர் சார்பில் பதில். அதை நானே எழுதித் தர வேண்டுமாம். கிண்டல் இல்லை, நத்தை, அந்த மனிதருக்குக் கிண்டல் வராது. அவருக்கு வரும் கஷ்டமான கடிதங்களை எல்லாம் இத்தனை வருடமாக எழுதிக்கொடுப்பது நான். இதுவும் ஒரு கஷ்டமான கடிதம். அவ்வளவுதான் அவர் கணக்கு.

நீ நினைப்பது சரி. வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எழுதவும் ஆரம்பித்தேன். கெட்ட பழக்கம். நன்றாகவும் எழுதினேன், அதுதான் வெட்கம். ‘மேற்படி ஆய்வாளர் மீது இவ்வலுவலகம் எப்போதும் உரிய மதிப்பு வைத்துள்ளது’ என்று தொடங்கியது. படித்துப் பார்த்து எனக்கே அவர்மேல் பாவமாக இருந்தது. இன்னும் அரைப் பக்கம் எழுதினால் என் புகாரை நானே தள்ளுபடி செய்திருப்பேன். ‘அவரைக் களப் பணிக்கு அனுப்பாதது முழுக்க அவரது நலன் கருதியே’ என்று எழுதினேன். அடுத்த வாக்கியம் வரவில்லை. என்ன நலன் என்று அதில் வர வேண்டும். உடம்புக்கு முடியாதவளா? இல்லை. போக மாட்டேன் என்று எப்போதாவது சொன்னேனா? இல்லை. வெயில்? அது அந்த இருவர் தலையிலும்தான் அடிக்கிறது. பேனாவை மூடித் திறந்தேன். யார் எதைத் தவறாகச் செய்தாலும் அதற்கு ஒரு நல்ல வாக்கியம் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு இந்த அலுவலகத்தில் பெயர். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இன்று கிடைக்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் வேலை ஒன்றும் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவளுக்கும் கடிதம் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம்தான் சொல்வார். சாயங்காலம் வரை அந்தக் காகிதத்தோடு இருந்தேன். அவர் வெளியே வந்து, “முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டார். இன்னும் இல்லை சார் என்றேன். அவசரமில்லை என்றார். அவருக்கு அவசரமில்லை.

புகாரின் இன்னொரு பிரதி என் பையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நேரே போவது பெரிய காரியமா என்று நீ கேட்பாய். இரண்டு நிறுத்தம்தான். அவர் அறையைத் தாண்டி நடப்பதுதான் எனக்குத் தூரம். மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல் கேட்பார். அதுதான் எனக்குப் பயம். கோபப்பட்டால் சமாளித்துவிடுவேன். இதை உன்னிடம் சொல்லிக்கொண்டே ஒரு முடிவுக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்பா தூங்கப் போகச் சொல்லி விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டார்.

நீ நன்றாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள், வேலையில் யாராவது உன்னிடம் ரொம்ப அன்பாக இருந்தால் அதையும் ஒருமுறை அளந்து பார். உன் பாஸ்போர்ட் இந்த வருடம் முடிகிறது, நான்கு தடவை சொல்லிவிட்டேன், இது ஐந்தாவது. உனக்கு வரும் நல்லதெல்லாம் நீ போய்ச் சேரும்வரை காத்திருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன், உன் வேகத்துக்கு வேறு எப்படி வாழ்த்துவது?

உன் மேல் என்றும் அன்புள்ள,
அம்மா

வியாழன். காலையில் சமவாய்ப்புப் பிரிவுக்குப் போய்ப் புகாரைக் கொடுத்தேன், சீல் போட்ட நகலை வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து அலுவலகம் வந்து, நேரில் கொடுத்துவிட்டதைக் குடையிடம் சொன்னேன். பாதியில் நின்ற விளக்கத்தை அவர் மேசையில் வைத்து, மீதியை நீங்கதான் சார் எழுதணும் என்றேன். அவர் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் காலைப் பற்றிக் கேட்கவில்லை. நான் வெளியே வந்து, புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.