அவன் விட்டுப்போன முன்சக்கரம்

என் தங்கத்துக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் தம்பியும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிர்ல உடம்பைக் கெடுத்துக்காம நல்லபடியா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவைத் திறந்தேன். போன்லயே சொல்லிடலாமேன்னு அப்பா கேட்டார். போன்ல அந்தப் பவுடர் மூஞ்சிக்காரன் பேச்சை எடுத்தாலே நீ வேலை இருக்கும்மான்னு வெச்சுடுவ, லெட்டர்ல என்னை எப்படி நிறுத்துவ? அப்பாவோட சீட் தைக்கிற மெஷினுக்கு மோட்டார் போட்டுக் கொடுத்துட்டேன், இப்ப முழங்கால் வலியும் குறைஞ்சிருக்கு, புலம்பலும் குறைஞ்சிருக்கு. தம்பி கட்டற வீடு முடியப் போகுது. ஆனா அக்கா வராம அதுல குடி போக மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். நீ இந்த வருஷமும் லீவு கிடைக்கலைன்னு சொல்லிட்ட. லீவு கிடைக்காதது உனக்கு இல்லைடி, உன் மனசுக்கு. நம்ம வண்டிப் பட்டறைக்கு வரணும்னா அவன் வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் வரணும், அந்தத் தெருவுல கால் வைக்கக் கூசுது உனக்கு. பெத்தவளுக்கு இது தெரியாதா?

உனக்குத் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் எனக்கு வயித்தெரிச்சல் தீரலை, இன்னொரு தடவை சொல்லிக்கிறேன். உன் கல்யாணத்துக்கு எல்லாருக்கும் சொல்லி முடிச்ச அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போனையே எடுக்கலைன்னு, என்னைப் பின்னாடி உட்கார வெச்சு நீ வண்டியில கூட்டிட்டுப் போன. அவங்கம்மா கேட்டைப் பாதி திறந்து, இவ்வளவு நாளா கண்ணுக்குத் தெரியாத உன் நகக்கண்ணு கிரீஸ் அன்னிக்குத்தான் தெரிஞ்ச மாதிரி, சுத்தியல் பிடிக்கிற கையி எங்க வீட்டு வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்னா. மாப்பிள்ளையா வர வேண்டியவன் மாடியில நின்னு போனை நோண்டிக்கிட்டிருந்தான், கீழ இறங்கிக்கூட வரலை. நீ வண்டியைப் பின்னுக்கு இழுக்கறதுக்குள்ள அந்த மகராசி பட்டனை அமுக்கினா, அந்த ராட்சச இரும்பு கேட்டு உருண்டு வந்து உன் முன்சக்கரத்தைச் சுவத்தோட வெச்சு நசுக்கிச்சு. மட்கார்டு அப்பளமாச்சு, ரிம் கோணிப் போச்சு. தெருவே பார்க்க, நாம ரெண்டு பேரும் வண்டியைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கிட்டு வந்தோம். நீ அழலை. நீ அழுதிருந்தா எனக்கு இவ்வளவு ஆங்காரம் வந்திருக்காது. அன்னிலேர்ந்து உன் வண்டி பட்டறை மூலையில முன்சக்கரம் இல்லாம செங்கல் மேலதான் நிக்குது. ஒரு சக்கரம் வாங்கிப் போட எனக்கு வக்கில்லையான்னு அப்பா எத்தனையோ தரம் கேட்டார். உடைச்சவங்க கையிலேர்ந்துதான் சக்கரம் வரணும், அதுவரைக்கும் நிக்கட்டும்னு சொல்லிட்டேன். பைத்தியம் முத்திடுச்சுன்னு அவர் நினைச்சார். நினைச்சுக்கட்டும்.

தேடிப்போன மூலிகை காலிலே அகப்பட்ட மாதிரி, போன மாசம் அவனே பட்டறைக்கு வந்து நின்னான். நீயும் அவனும் ஜோடியா ஒரே மாடல் வாங்கினீங்களே, அதே வண்டி. கடையில கிடைக்கறதுலயே அகலமான சக்கரத்தை முன்னாடி போடணுமாம், அதுக்கு மேல டயரை ஒட்டினாப்பல இரும்புத் தகட்டுல மட்கார்டு வேணுமாம், கூட்டாளிங்க எல்லாம் படம் பிடிச்சுப் போடப் போறாங்களாம். வேற இடத்துல செஞ்சது ரெண்டு தடவை விரிசல் விட்டுடுச்சு, கையால அடிச்சுச் செய்யறவ நான் ஒருத்திதான், அதனால வந்திருக்கான். ஒரு காலத்துல வாய்க்கு வாய் அத்தைன்னவன் இப்ப மேடம்ங்கிறான். பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க மேடம்னு சிரிக்கிறான் வேற. நான் எதையும் மனசுல வெச்சுக்கறதில்லை தம்பி, மூலையில செங்கல் மேல வெச்சிருக்கேன்னு சொல்ல நாக்கு துடிச்சுது, கடிச்சுக்கிட்டேன்.

அப்பாவுக்கு ஒரே பயம். இவ ஏதாவது போல்ட்டை லூசா விட்டுடப் போறான்னு என் பின்னாலயே சுத்தினார். நான் என்ன தொழில் துரோகியா? அதோட, அவன் விழுந்து கையைக் காலை ஒடிச்சுக்கிட்டா ஊரே அவனுக்காக உச் கொட்டும், எனக்கு அதுல என்ன லாபம்? அவன் சேதாரமில்லாம, எல்லார் கண்ணு முன்னாலயும் முழிச்சுக்கிட்டு நிக்கணும், அதுதான் எனக்கு வேணும். அதனால வேலையில ஒரு குறை வைக்கலை. உனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே டயரைச் சுத்தி ரப்பர் தண்ணிக் குழாயைக் கட்டி, டயருக்கும் தகட்டுக்கும் நடுவுல அந்தக் கனம்தான் இடைவெளின்னு அதுமேல தகட்டை வெச்சு அடிச்சேன். உள்பக்கம் போல்ட்டு முனை ஒண்ணுகூடத் தலை நீட்டலை. அப்பாவையும், நம்ம வெல்டர் பையன் தீப்பொறியையும் வண்டி மேல ஏத்திக் குதிக்க விட்டுப் பார்த்தேன், டயர் எங்கயும் உரசலை. அப்பா குதிச்ச குதியைப் பார்த்திருந்தா நீ சிரிச்சே செத்திருப்ப. அவ்வளவு அகலச் சக்கரம் போட்டா அதைப் பிடிக்கிற ஃபோர்க்கோட ரெண்டு காலையும் விரிக்கணும் இல்லையா, விரிச்சா திரும்பறப்ப டேங்க்ல இடிக்கும், இடிக்காம இருக்க ஸ்டாப்பர்னு ஒரு தடுப்பு வைக்கணும், ஸ்டாப்பர் வெச்சா ஹேண்டில் பாதிக்கு மேல திரும்பாது. இதை மறைக்கவும் இல்லை நான். அவனை வண்டியில உட்கார வெச்சு, ஹேண்டிலைத் திருப்பிக் காட்டி, உங்க தெரு குறுகல், இதைவிட ஒரு அளவு கம்மியாப் போட்டுக்கோன்னு தீப்பொறி சாட்சியாச் சொன்னேன். எங்க கேட்டு லாரியே போற அகலம், நான் சொன்னதை மட்டும் செய்யுங்க மேடம்னான். சரிப்பான்னுட்டேன். எனக்கா நஷ்டம்? கேட்டு எவ்வளவு அகலம் இருந்தா என்ன, தெருவுலேர்ந்து அதுக்குள்ள வளைஞ்சு போகணுமே, அது அந்த மண்டைக்கு எட்டலை.

கழட்டின பழைய சாமானை அன்னிக்கே எடுத்துட்டுப் போயிடணும், இல்லேன்னா அது பட்டறையோடதுங்கறது நம்ம வழக்கம், உனக்குத் தெரியும். அதையும் ரெண்டு தரம் சொன்னேன். அவன் அந்தப் பழைய முன்சக்கரத்தைக் காலால எத்தி, இந்தக் குப்பையை நீங்களே வெச்சுக்கங்கன்னான். எனக்கு அடிவயித்துலேர்ந்து ஒரு சந்தோஷம் வந்துச்சு பாரு! சக்கரம் உருண்டு போய் உன் வண்டிகிட்டதான் விழுந்துச்சு, சத்தியமா.

முன்பக்கம் மாத்தின வண்டி முதல் ஓட்டம் போறப்ப நம்ம ஆள் ஸ்பானரோட பின்னாடியே போகணுமே. தீப்பொறி கிளம்பினான். நீ உட்காருடா, இன்னிக்கு நான் போறேன்னு ஸ்கூட்டரை எடுத்தேன். நேர் ரோட்டுல ராஜா மாதிரித்தான் போனான், பொய் சொல்லக் கூடாது, அந்த மட்கார்டு வெயில்ல மின்னின மின்னுக்கு என் கண்ணே பட்டிருக்கும். அவன் வீட்டு வாசல்ல கூட்டாளிங்க கேமராவும் கையுமா நிக்கிறாங்க, அவங்கம்மா கேட்டை அகலத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறா. திருப்பினான். வண்டி எதிர்ச் சுவத்தைப் பார்த்துப் போச்சு. காலால உந்திப் பின்னுக்கு வந்தான், மறுபடி திருப்பினான், இந்தத் தடவை கேட்டுத் தூண். முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துத் தள்ளி மூச்சு வாங்குறான், மூஞ்சியில இருந்த பவுடரெல்லாம் வேர்வையில வழியுது. முதல்ல ஒருத்தன் சிரிச்சான், அப்புறம் தெருவே சிரிச்சுது. கடைசியில நாலு பேர் முன்சக்கரத்தைத் தூக்கி, பொணத்தைத் தூக்கற மாதிரி உள்ள கொண்டு போனாங்க. அவங்கம்மா என்னைப் பார்த்தா. நான் ஸ்பானரைத் தூக்கிக் காட்டி, போல்ட்டு எல்லாம் சரியா இருக்குங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையிலேயே ஓடி வந்தான். தூரத்துல பார்த்ததுமே ஷட்டரைப் பாதிக்கு இறக்கிட்டேன். அதுக்குக் கீழ குனிஞ்சு, கழுத்தை வளைச்சுக்கிட்டு, அத்தைன்னு ஆரம்பிச்சான் பாரு! யாருக்கு யாருடா அத்தைன்னேன். வீட்டுல தினம் நாலு ஆளைத் தேட முடியலையாம், பழைய சக்கரத்தையே மாட்டிக் கொடுக்கணுமாம். அந்தக் குப்பை இருக்கிற இடம் மாறிடுச்சுப்பா, வேணும்னா கடையில போய்ப் புதுசு தேடிக்கோ, இந்தப் பட்டறை வாசப்படி உனக்குக் கிடையாதுன்னு சொன்னேன். உங்கம்மா சொன்ன வார்த்தைதான், அளவு சரியா இருக்கான்னு பார்த்துக்கோன்னும் சொன்னேன். குனிஞ்ச தலை நிமிராமலே போயிட்டான். அப்பா உள்ள இருந்து, போதும் விடு, பாவம்னார். பாவமா? நாம வண்டியைத் தூக்கித் தள்ளிக்கிட்டு வந்தப்ப எந்தப் பாவி பாவம்னான்? அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன், அதை ஒளிக்க மாட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அவன் எத்திவிட்ட சக்கரம் உன் வண்டியில ஏறிடுச்சு, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கு. செங்கல்லை எடுத்து வெளிய எறிஞ்சுட்டேன். அப்பா சீட்டு புதுசாத் தைச்சிருக்கார். அப்பளமாப் போன உன் மட்கார்டை நானே தட்டித் தட்டி நிமிர்த்திட்டேன். ஒரே ஒரு ஒடுக்கை மட்டும் எடுக்கலை, கேட்டு வந்து முதல்ல இடிச்ச இடம் அது. அதை எடுக்க வேண்டியது நான் இல்லை. உன் சுத்தியல் எண்ணெய் தடவி ஆணியிலதான் தொங்குது. வந்து உன் கையால அதை எடு, எடுத்துட்டு அந்தத் தெருவுல போ, அந்த கேட்டு வாசல்ல, அவங்க பார்க்கற நேரமாப் பார்த்து, கால் தரையில படாம ஒரே வளைப்புல வண்டியைத் திருப்பு. பின்னாடி நான் உட்கார்ந்துக்கறேன், அன்னிக்கு உட்கார்ந்த மாதிரியே.

லீவு கேக்கறப்ப இழுத்துக்கிட்டு நிக்காதே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு, உண்மைதான், உன்னைப் பார்க்காம சரியில்லை. வரும்போது கம்பளித் துணியை மறக்காம எடுத்துக்கோ, ரயில்ல ஜன்னல் ஓரம் தூங்காதே, யார் என்ன கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதே. நீ எல்லா நலமும் பெத்து, தலை நிமிர்ந்து நூறு வருஷம் இருக்கணும். உன்னை வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்ன வாயெல்லாம் நீ போறதைப் பார்த்து வாயடைச்சு நிக்கணும். இதுவும் ஆசீர்வாதம்தான், எடுத்துக்கோ.

இப்படிக்கு,
நீ வந்து தூக்கறவரைக்கும் ஷட்டரைப் பாதியிலயே வெச்சிருக்கிற உன் அம்மா