கிணற்றுக்குள் எரிந்த விளக்கு

எந்த இன்ஜின் இருமினாலும் இரண்டு தோட்டம் தள்ளி நின்றே அதற்கு என்னவென்று சொல்லிவிடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. வடகரப்பதிப் பக்கம் இன்னும் மழை இல்லை. கரண்டுக்கு எழுதிப் போட்டவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் ஆயில் இன்ஜின்களுக்கு ஓய்வில்லை. உங்கள் ஸ்பானர் பெட்டியை இப்போது தம்பி செல்வராசு சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைகிறான்.

அம்மா உங்கள் காக்கிச் சட்டையைத் துவைக்க விடுவதில்லை. டீசல் வாடை போய்விடுமாம். உயிரோடு இருந்தபோது அந்த வாடைக்காக உங்களை எத்தனை முறை வாசலிலேயே நிறுத்தி, கையில் சாம்பலைக் கொட்டித் தேய்க்கச் சொல்லியிருப்பாள்! "ஏனுங்க, ஊரா ஊட்டு இன்ஜினுக்குச் சளி புடிச்சாத் தெரியுது. நாலு நாளா எனக்குக் காய்ச்சல், அது தெரியலீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். "நீ சத்தம் போட்டு ஓடியிருந்தீனா தெரிஞ்சிருக்கும்" என்றீர்கள். சொல்லிவிட்டு, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நீங்களே கஞ்சி வைத்தீர்கள். உப்பு அதிகம். அம்மா சொல்லாமல் குடித்தாள்.

ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கட்டைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவீர்கள். திறக்கும்போது பழுது எங்கே என்று தெரிந்திருக்கும். நான் எம்.எஸ்ஸி. படித்து, பாலக்காட்டில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பொருளைப் பற்றியும் அவ்வளவு நிச்சயமாக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

தண்ணீர் கீழே போகப்போக, மேலிருந்து இழுக்க பம்பால் முடியவில்லை. கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இன்ஜினை இறக்கினார்கள். புகையும் உள்ளேயே கிடந்தது. நீங்கள் இறங்குவதற்கு முன் அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவீர்கள். அது எரிந்தால் இறங்குவீர்கள். அணைந்தால் திரும்பிவிடுவீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தீபாவளியன்று சாப்பிட உட்கார்ந்தபோது நான் சொன்னேன். "விளக்கு எரிஞ்சாப் போதாதுங்கப்பா. இன்ஜின் புகையில ஒரு வாயு இருக்குது. புகை அடங்கினாலும் அது கிடக்கும். விளக்கை ஒண்ணும் பண்ணாது, ஆளைக் கொன்னுபோடும்."

"நீ அதப் பாத்திருக்கியா?"

"பாக்க முடியாதுங்க. நிறமில்ல, வாசமில்ல."

செல்வராசு இலையிலிருந்து தலை தூக்கினான். "அப்ப அது நம்ம அண்ணி வெக்கிற ரசமுங்கப்பா."

நீங்கள் சிரித்தீர்கள். அம்மாகூடச் சிரித்தாள். என் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதன்பிறகு நீங்கள் இருந்தவரை அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. நீங்கள் கைப்பட எழுதிய இரண்டு கார்டுகளுக்கும் பதில் போடவில்லை. எனக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? இந்தக் கேள்வியோடுதான் தினமும் கரும்பலகை முன்னால் நிற்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை மற்றவர்கள் வாயிலிருந்துதான் கேட்டேன். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுவிட்டது என்று தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பினார். நீங்கள் விளக்கை இறக்கினீர்கள். அது நன்றாக எரிந்தது. இறங்கினீர்கள். "பன்னெண்டாம் நம்பர் ஸ்பானரை விடுடா" என்று செல்வராசுவிடம் ஒரு குரல். அவன் கயிற்றில் கட்டி விட்டான். வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை. குதிக்கப் போன அவனை நான்கு பேர் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"கால் மணி நேரந்தானுங்க ஓடுச்சு" என்று தோட்டத்துக்காரர் கருமாதி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். விடியற்காலையிலிருந்து ஓடியதைப் பக்கத்துத் தோட்டமே கேட்டிருக்கிறது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நீங்கள் ஓட வைத்த இன்ஜின் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றவர்கள்தான் எல்லாரும். அவரை நான் மன்னிக்கவில்லை, அவர்களையும்தான். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவது அவர்கள் படிக்கட்டும் என்றுதான்.

செல்வராசுவும் அதே விளக்கைத்தான் இறக்குகிறான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்கண்ணு, நீ படிச்சவன், அவனுக்குச் சொல்லு. எனக்கு இன்னொண்ணு தாங்காது."

போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். புத்தகத்தை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். அவன் இன்ஜின் பெல்ட் வழுக்காமலிருக்கப் பசை தடவிக்கொண்டே கேட்டான். கடைசியில் நிமிர்ந்தான்.

"இதெல்லாம் அப்பாகிட்டச் சொல்றதுக்கு ரெண்டு வருசம் எங்கீங்ணா போயிருந்தீங்க?"

"நீ சிரிச்சியேடா."

"நான் சிரிச்சா என்னுங்ணா? நான் எட்டாங்கிளாசு. நீங்க படிச்சவருதான?"

புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன். அவனுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், அப்பா?

வியாழக்கிழமை அவன் எங்கே இறங்கப்போகிறான் தெரியுமா? அதே கிணற்றில். அந்த மனிதர் இன்ஜினை இன்னும் கீழே இறக்கி வைக்கக் கூப்பிட்டிருக்கிறார். போகாதே என்றால், "வேற யாருங்ணா இருக்கறாங்க?" என்கிறான். நேற்று அம்மா சாப்பிடவில்லை.

வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேப்பங்கிளைகளைக் கட்டாகக் கட்டி, அவன் வருவதற்கு முன்பே அந்தக் கிணற்றில் ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்குவேன். இன்ஜின் அன்று ஓடவில்லை என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவனை விடுவேன். அவன் இடுப்பில் கட்டும் கயிற்றின் இன்னொரு முனை என் கையில் இருக்கும். அவன் கேலி செய்வான். தோட்டத்துக்காரர் காப்பி கொடுப்பார். எனக்குப் பிடிக்காத அந்த வாசலில் நின்று அதையும் குடிப்பேன்.

அதற்கடுத்த கிணற்றுக்கு யார் போவார்கள், அதற்கடுத்ததற்கு? ஊரில் கிணறுகள் அதிகம், எனக்கு லீவு கொஞ்சம். இவர்களைத் திருத்திவிட முடியும் என்று நான் நம்பவில்லை. வியாழக்கிழமை மட்டும் கயிற்றை விடமாட்டேன். அவ்வளவுதான் இப்போது என்னால் சத்தியம் செய்ய முடிகிறது, அப்பா.

ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்ட,
உங்கள் மூத்த மகன்