ஒன்பதாம் கேள்விக்கு மீனவர் சொன்ன விடை

அனுப்புநர்
கோ. ராஜாமணி,
இடைநிலை ஆசிரியை (ஓய்வு),
திண்டிவனம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம்,
விழுப்புரம்.

பொருள்: வங்கக்கடல் அயலுறவு ஆய்வு அறக்கட்டளை – ஆய்வறிக்கையில் மீனவர்களின் விடை மாற்றப்பட்டது – நிதி வழங்கியோர் யார் என்பதை வெளியிடச் செய்யவும், வெளிநாட்டுச் சிறையில் உள்ள சேட்டு என்பவரின் மேல்முறையீட்டுக்குள் உண்மையைத் தெரிவிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். அதில் பத்தொன்பது ஆண்டுகள் மரக்காணத்தை அடுத்த முத்தாலம்மன்குப்பம் பள்ளியில். அந்தக் குப்பத்தில் இன்று படகேறும் ஆண்களில் பாதிப்பேர் என்னிடம் அரிச்சுவடி படித்தவர்கள். இந்த மனுவில் ஒரு நிறுவனத்தின் மீது புகார் சொல்கிறேன். அதற்கு முன் என் தவறையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்தால் புகாருக்கு மதிப்பில்லை.

2. மேற்படி அறக்கட்டளை திண்டிவனம் மரக்காணம் சாலையில் ஒரு மாடியில் இயங்குகிறது. அயல்நாட்டு உறவுகள் பற்றி ஆய்வு செய்வதாகவும், எந்த அரசையும் எந்த முதலாளியையும் சாராதது என்றும் அதன் இயக்குநர் திரு. அரிபிரசாத் கூறினார். வளைகுடா நாடுகளில் மீன்பிடிக் கூலிகளாகச் செல்லும் நம் ஆட்களைப் பற்றிய ஆய்வுக்கு, குப்பத்து மக்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். நல்ல காரியம் என்று நம்பிப் போனேன்.

3. 2024 செப்டம்பரில் ஐம்பத்தெட்டுக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து வினாத்தாள் கொடுத்தோம். ஒன்பதாம் கேள்வி, அங்கே வேலை செய்யும் ஆண்கள் கடல் எல்லையைத் தாண்ட நேர்வது ஏன் என்பது. விடைகள் மூன்று: (அ) தெரிந்தே, சொந்த விருப்பத்தில். (ஆ) படகு உரிமையாளர் உத்தரவிடுவதால். (இ) எல்லை தெரியாமல்.

4. அந்தக் கேள்விக்கு விடையை எப்படிச் சுழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். வகுப்பில் எடுத்துக்காட்டுக்கு எப்போதும் முதல் கணக்கைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். அந்தக் கை அன்றும் அப்படியே போயிற்று. சார்ட்டில் ஒன்பதாம் கேள்வியை எழுதி, 'அ'வைச் சுழித்து, "இப்படி" என்றேன். தாள்களைத் திரும்ப வாங்கி எண்ணியபோது நாற்பத்தாறில் 'அ' சுழிக்கப்பட்டிருந்தது. சேட்டுவின் மனைவி புனிதாவிடம் காரணம் கேட்டேன். அவர் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்: "நீங்க சார்ட்ல அத்த சுழிச்சீங்க, நாங்களும் பாத்துக்கினு அத்தயே சுழிச்சோம். டீச்சரம்மா போட்டா தப்பா இருக்குமா?"

5. அன்று இரவு எனக்கு உறக்கம் இல்லை. அடுத்த வாரமே வீடு வீடாகச் சென்று, எந்த எடுத்துக்காட்டும் காட்டாமல், கேள்வியை வாசித்து மட்டும் காட்டிப் புதிய தாள்களில் விடை வாங்கினேன். 'அ' மூன்று, 'ஆ' நாற்பத்தொன்பது, 'இ' ஆறு. நடந்ததை விளக்கிக் கடிதம் எழுதி, புதிய தாள்களுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக அறக்கட்டளை எழுதிய பதில் என்னிடம் உள்ளது.

6. ஜனவரியில் அறிக்கையின் வரைவைத் தமிழ் திருத்துவதற்காக எனக்கு அனுப்பினார்கள். அதில் சரியான எண்ணிக்கையே இருந்தது. முதல் தாள்கள் ஏன் தள்ளப்பட்டன என்ற அடிக்குறிப்பும் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் 'நிதி உதவி' என்ற தலைப்பின் கீழ் மட்டும் வெற்றிடம். அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

7. பிப்ரவரியில் அச்சாகி வந்த அறிக்கையில் அடிக்குறிப்பு இல்லை. நாற்பத்தொன்பது குடும்பங்களின் விடை இல்லை. "இவ்வூரில் ஐந்தில் நான்கு குடும்பத்தினர், தங்கள் ஆண்கள் தெரிந்தே எல்லை தாண்டுவதாக ஒப்புக்கொண்டனர்" என்று இருந்தது. வெற்றிடத்தில் 'நல்லெண்ணம் கொண்ட நண்பர்கள்' என்று நிரப்பியிருந்தார்கள். அங்கே பணிபுரியும் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "டீச்சர், பணம் குடுக்குறவங்க படிச்சிப் பாத்துட்டு திருப்பி அனுப்பிச்சாங்க. அதுக்கப்புறம்தான் மாறிச்சி. ஜல்தியா அச்சுக்குப் போவணும்னு ஒரே பேஜாரு. என் பேர எங்கயும் எழுதிடாதீங்க." ஆகவே எழுதவில்லை.

8. ஐயா, பரீட்சைத் தாளை மாணவனின் தகப்பனாரே திருத்தலாம். அவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் அவர்தான் திருத்தினார் என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? நிதி கொடுத்தவர் யாரையும் நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. அவர் யார், அச்சுக்கு முன் அறிக்கையைப் படித்தாரா என்பதுதான் என் கேள்வி. மூன்று முறை எழுதிக் கேட்டேன். தகவல் உரிமைச் சட்டம் தங்களைப் போன்ற தனியார் அறக்கட்டளைக்குப் பொருந்தாது என்ற ஒரே வரி பதில் வந்தது.

9. இது எண்ணிக்கைச் சண்டையாக மட்டும் இருந்தால் தங்கள் நேரத்தைக் கேட்டிருக்க மாட்டேன். என் மாணவர் சேட்டு, வயது முப்பத்தொன்று, வளைகுடாவில் ஒரு படகில் கூலியாக இருந்தார். 2024 டிசம்பரில் பக்கத்து நாட்டின் கடலோரக் காவல் படையிடம் பிடிபட்டார். உரிமையாளர் சொன்ன இடத்துக்குத்தான் படகை ஓட்டினோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். உரிமையாளர் தரப்போ, 'இந்தியாவின் சார்பற்ற ஆய்வு' என்று மேற்படி அறிக்கையை நீதிமன்றத்தில் கொடுத்தது. அவர் ஊர்க்காரர்களே ஒப்புக்கொண்டதாக அதில் இருக்கிறதே என்று வாதிட்டார்கள். மூன்று ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அங்குள்ள தமிழர் சங்கத்தினர் தீர்ப்பின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மேல்முறையீடு ஜூலை 29ஆம் தேதி. இன்னும் பதினைந்து நாட்கள்.

10. ஆகவே தாங்கள்,

(அ) அறக்கட்டளையை அழைத்து, வரைவு, இரண்டு முறையும் வாங்கிய விடைத்தாள்கள், என் கடிதம் ஆகியவற்றை ஒப்படைக்கச் செய்யவும்;

(ஆ) இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவர் பெயரையும், மாற்றம் யார் சொல்லி நடந்தது என்பதையும் எழுத்தில் பெறவும்;

(இ) அது முடியத் தாமதமானாலும், முதல் தாள்கள் என் தவறால் பிழையானவை என்ற என் உறுதிமொழிப் பத்திரத்தை, அயலகத் தமிழர் நலத்துறை வழியாக இந்தியத் தூதரகத்துக்கு 29ஆம் தேதிக்குள் சேர்ப்பிக்கவும் வேண்டுகிறேன்.

முதல் இரண்டும் தாமதமாகலாம். மூன்றாவது தாமதமாகக் கூடாது. என் கவனக்குறைவுக்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். விசாரணைக்கு எந்த நேரத்தில் அழைத்தாலும் வருகிறேன்.

11. சேட்டுவுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை சில நிமிடங்கள் பேச அனுமதி உண்டு. சென்ற முறை புனிதாவிடம் அவர் கேட்டது: "நம்ம டீச்சரம்மாகிட்ட சொல்லு, அவங்க ஒரு லெட்டர் எழுதுனா எவனும் தட்டமாட்டான்." தன்னைச் சிறையில் வைத்திருக்கும் தாள் யார் கையால் தொடங்கியது என்று அவருக்குத் தெரியாது. புனிதா இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நானும் கேட்கவில்லை. வரும் 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அழைப்பு வரும். அன்று நான் புனிதாவின் வீட்டில் இருப்பேன். நடந்ததை நானே சேட்டுவிடம் சொல்லப் போகிறேன். சொல்லி முடித்தபின், கடிதம் தூதரகத்துக்குப் போய்விட்டது என்ற ஒரு வரியையாவது சேர்த்துச் சொல்லத் தாங்கள் வழி செய்ய வேண்டும்.

இடம்: விழுப்புரம்
நாள்: 14.07.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கோ. ராஜாமணி

இணைப்பு: வரைவின் நகல், அச்சான அறிக்கை, பதிவுத் தபால் ரசீது, அறக்கட்டளையின் பதில்கள், தீர்ப்பின் நகல், என் உறுதிமொழிப் பத்திரம், 'அ' சுழித்துக் காட்டிய சார்ட்.